என்.எச்.எல். லீக்கின் முதல் பருவம், 1917–18: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல்., இன்று கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 32 அணிகளைக் கொண்ட பெருந்தொழில். அதன் முதல் பருவமோ நான்கு அணிகளோடு தொடங்கி, மூன்று வாரத்துக்குள் மூன்றாகச் சுருங்கி, ஒரு அரங்கத்தைத் தீக்குப் பறிகொடுத்து, எப்படியோ மார்ச் மாத இறுதி வரை தாக்குப்பிடித்தது. அதை ஒரு பெரிய தொடக்கமாக அன்று யாரும் எண்ணவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் பல விசித்திரங்கள் தாமாக விளங்கும்.

இது நமக்குத் தெரிந்த ஹாக்கிதானா?

இல்லை. நம்மூரில் ஹாக்கி என்றால் தரையில் பந்தை வைத்து ஆடுவது. இங்கே பேசப்படுவது ஐஸ் ஹாக்கி. உறைந்த தளத்தில், காலில் ஸ்கேட் அணிந்து, ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டை நீண்ட மட்டையால் தள்ளி, எதிரணியின் கோல் வலைக்குள் செலுத்த வேண்டும். கனடாவில் ஹாக்கி என்று மட்டும் சொன்னால் இதைத்தான் குறிக்கும்.

ஏற்கெனவே ஒரு லீக் இருந்தபோது புதிதாக இன்னொன்றை ஏன் தொடங்கினார்கள்?

ஒரே ஒரு மனிதரை வெளியேற்றுவதற்காக. 1909 டிசம்பரில் உருவான தேசிய ஹாக்கி சங்கம், அதாவது என்.எச்.ஏ., கிழக்குக் கனடாவின் முதன்மையான தொழில்முறை லீக்காக இருந்தது. அதில் டொரன்டோ அணியின் உரிமையாளராக இருந்த எடி லிவிங்ஸ்டனுக்கும் மற்ற உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்கள், ஆட்ட அட்டவணை, பணம் என்று ஒவ்வொன்றிலும் தகராறு. 1917 பிப்ரவரியில், லீக்கில் ஆடிவந்த 228ஆம் படைப்பிரிவின் அணி போர்முனைக்குப் புறப்பட்டுவிட, அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டது என்பதைக் காரணமாக்கி, மற்ற உரிமையாளர்கள் டொரன்டோ அணியையும் அந்தப் பருவத்திலிருந்து நீக்கி, அதன் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். லிவிங்ஸ்டன் சும்மா இருக்கவில்லை. வழக்குகளோடு வந்தார்.

சங்கத்தின் விதிகளின்படி அவரை நிரந்தரமாக நீக்க வழி தெரியவில்லை. ஆகவே மற்றவர்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அவரை வெளியேற்றுவதற்குப் பதிலாகத் தாங்களே வெளியேறினார்கள். 1917 நவம்பர் 26 அன்று மான்ட்ரியல் நகரின் விண்ட்சர் ஓட்டலில் கூடி, அதே ஊர்கள், அதே அணிகள், ஏறக்குறைய அதே விதிகளோடு புதிய பெயரில் ஒரு லீக்கை அமைத்துவிட்டுப் பழைய சங்கத்தில் லிவிங்ஸ்டனைத் தனியாக விட்டுவிட்டார்கள். அவருடைய உரிமையை யாரும் பறிக்கவில்லை. மோதுவதற்கு எதிரணிதான் இல்லை. இதைச் சட்ட நுணுக்கம் என்பதா, குறும்பு என்பதா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் நூறாண்டுக்கு மேல் நிலைத்துவிட்ட ஓர் அமைப்பு ஒரு சண்டைக்காரப் பங்காளியைக் கைகழுவுவதற்காகப் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

புதிய லீக்கின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பழைய சங்கத்தின் செயலாளராக இருந்த பிராங்க் கால்டர். இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்கு வந்து, பள்ளி ஆசிரியராகவும் பின்னர் விளையாட்டுச் செய்தியாளராகவும் இருந்தவர். 1943இல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

எந்தெந்த அணிகள் பங்கேற்றன?

மான்ட்ரியல் கனேடியன்ஸ், மான்ட்ரியல் வாண்டரர்ஸ், ஒட்டாவா செனட்டர்ஸ், டொரன்டோ ஆகிய நான்கு. கியூபெக் புல்டாக்ஸ் அணிக்கும் இடம் உண்டு, ஆனால் பணமுடையால் அந்தப் பருவத்தில் ஆடவில்லை. அதன் ஆட்டக்காரர்கள் மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். ஜோ மலோனும் ஜோ ஹாலும் கனேடியன்ஸுக்கும், ஹாரி மம்மெரி டொரன்டோவுக்கும் போனார்கள். இந்தப் பங்கீட்டில் மலோன் கனேடியன்ஸ் கைக்குப் போனதுதான் அந்த ஆண்டின் கோல் கணக்கை எழுதிவிட்டது என்பேன்.

டொரன்டோவின் நிலை விசித்திரமானது. அணியை நடத்தியது அந்நகரின் மியூச்சுவல் தெருவில் இருந்த அரங்கத்தின் உரிமை நிறுவனம். ஆட்டக்காரர்களோ லிவிங்ஸ்டனின் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அதாவது, எவரை ஒதுக்குவதற்காக லீக் தொடங்கப்பட்டதோ, அவருடைய ஆட்களை வைத்தே அந்த லீக்கின் ஓர் அணி ஆடியது. அவருக்குச் சேரவேண்டிய பணம் பற்றிய வழக்கு அதன்பின் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இது எப்படிச் சாத்தியமாயிற்று?

சிரமத்தோடுதான். திறமையான ஆட்டக்காரர்கள் பலர் படையில் சேர்ந்திருந்தார்கள். கட்டாயப் படைச்சேர்க்கைக்கான சட்டம் 1917இல் நிறைவேறி, அதையே மையமாகக் கொண்ட பொதுத்தேர்தல் டிசம்பர் 17 அன்று நடந்தது. லீக்கின் முதல் ஆட்டங்கள் அதற்கு இரண்டே நாள் கழித்து. நாட்டின் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துப் பெருஞ்சேதம் விளைந்ததும் அதே மாதம் 6ஆம் தேதிதான். இத்தனைக்கும் நடுவே ஒரு புதிய லீக்கின் தொடக்கத்தை மக்கள் கவனிக்காமல் விட்டதில் வியப்பில்லை.

முதல் ஆட்டம் எது? முதல் கோலை அடித்தவர் யார்?

1917 டிசம்பர் 19 இரவு ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடப்பதாக இருந்தது. மான்ட்ரியலில் வாண்டரர்ஸ் டொரன்டோவைச் சந்தித்தது. ஒட்டாவாவில் கனேடியன்ஸ் ஆடியது. ஒட்டாவா ஆட்டக்காரர்கள் சிலர் ஒப்பந்தம் குறித்து முறுக்கிக்கொண்டு நின்றதால் அங்கே ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. எனவே மான்ட்ரியல் ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் வாண்டரர்ஸின் டேவ் ரிட்சி அடித்த கோல்தான் லீக்கின் முதல் கோலாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது.

அந்த ஆட்டம் 10–9 என்று வாண்டரர்ஸுக்குச் சாதகமாக முடிந்தது. அவர்களின் ஹாரி ஹைலண்ட் மட்டும் ஐந்து கோல் அடித்தார். டொரன்டோ தன் கோல்கீப்பரை ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இவ்வளவு பரபரப்பான ஆட்டத்தைக் காண வந்தவர்கள் சுமார் 700 பேர்தான். சீருடையில் வரும் படைவீரர்களுக்கு அனுமதி இலவசம் என்று அறிவித்திருந்தும் இந்த நிலை. மறுபக்கம் ஒட்டாவாவில் கனேடியன்ஸ் 7–4 என்று வென்றது. அதில் ஐந்து கோல் ஜோ மலோனுடையவை.

வாண்டரர்ஸ் அணி ஏன் நடுவிலேயே காணாமல் போயிற்று?

வாண்டரர்ஸ் சாதாரண அணி அல்ல. 1906, 1907, 1908, 1910 ஆகிய ஆண்டுகளில், கனடா ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வைத்திருந்த அணி அது. ஆனால் 1917இல் அதனிடம் பழைய பெயர் மட்டுமே மிஞ்சியிருந்தது. முதல் வெற்றிக்குப் பிறகு கனேடியன்ஸிடம் 11–2, ஒட்டாவாவிடம் 6–3, மீண்டும் ஒட்டாவாவிடம் 9–2 என்று அடுத்தடுத்துத் தோற்றது. உரிமையாளர் சாம் லிக்டன்ஹைன், தமக்குக் கூடுதல் ஆட்டக்காரர்களைத் தராவிட்டால் விலகிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த அணியும் தன் ஆளை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை.

1918 ஜனவரி 2 அன்று மான்ட்ரியல் அரீனா எரிந்து சாம்பலானது. 1898இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் கனேடியன்ஸ், வாண்டரர்ஸ் ஆகிய இரு அணிகளுக்கும் சொந்த மைதானம். உள்ளே இருந்த ஸ்கேட்டுகள், மட்டைகள், உடுப்புகள் எல்லாம் நெருப்போடு போயின. கனேடியன்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் இருந்த, மூவாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே அமரக்கூடிய ஜூபிலி அரங்குக்குக் குடிபெயர்ந்து ஆட்டத்தைத் தொடர்ந்தது. லிக்டன்ஹைனோ தீயைக் காரணம் காட்டி விலகிவிட்டார். அடுத்திருந்த இரண்டு ஆட்டங்களுக்கு வாண்டரர்ஸ் வராததால் எதிரணிகளுக்கு ஆடாமலே வெற்றி எழுதப்பட்டது. அந்த அணியின் மொத்த என்.எச்.எல். வரலாறு நான்கு ஆட்டங்கள், ஒரு வெற்றி.

தீதான் வாண்டரர்ஸை அழித்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. அதே தீயில் கனேடியன்ஸும்தான் எல்லாவற்றையும் இழந்தது. ஆனால் அது ஆடியது. வெளியேற வாசலைத் தேடிக்கொண்டிருந்தவருக்குத் தீ ஒரு வாசலாக அமைந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அணியின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த ஆர்ட் ராஸ் என்.எச்.எல்.லில் அடித்த ஒரே கோல் இந்தச் சில நாட்களுக்குள் அடித்ததுதான். பருவத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு இன்று வழங்கப்படும் பரிசு அவர் பெயரில் இருப்பது ஒரு வேடிக்கை.

அன்றைய விதிகள் இன்றைய விதிகளிலிருந்து எப்படி வேறுபட்டன?

ஓர் அணிக்கு ஆறு பேர், 20 நிமிடப் பகுதிகள் மூன்று என்ற அடிப்படை அன்றும் இருந்தது. ஆனால் வட்டை முன்னோக்கி இன்னொருவருக்குத் தள்ளிக்கொடுக்க அனுமதி இல்லை. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தள்ளலாம்; ரக்பி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தளத்தைப் பிரிக்கும் நீலக்கோடுகள் அடுத்த பருவத்தில்தான் இந்த லீக்குக்கு வந்தன. மாற்று ஆட்டக்காரர்கள் மிகக் குறைவு என்பதால் நல்ல ஆட்டக்காரர் ஏறக்குறைய அறுபது நிமிடமும் தளத்திலேயே நிற்பார்.

மிக முக்கியமான மாற்றம் கோல்கீப்பர்களுக்கானது. அதுவரை கோல்கீப்பர் நின்றுகொண்டுதான் தடுக்கவேண்டும். தடுப்பதற்காக விழுந்தாலோ மண்டியிட்டாலோ தண்டனை உண்டு. ஒட்டாவாவின் கிளின்ட் பெனெடிக்ட் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தார். தற்செயலாகத் தடுமாறி விழுவதுபோல் முழங்காலில் விழுவார், வட்டும் தற்செயலாக அவர்மேல் பட்டு நிற்கும். அடிக்கடி மண்டியிட்டதால் ‘ஜெபிக்கும் பென்னி’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. உண்மையாக விழுந்தவர் யார், நடித்தவர் யார் என்று எந்த நடுவர்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்? 1918 ஜனவரி 9 அன்று கோல்கீப்பர்கள் எப்படி வேண்டுமானாலும் விழுந்து தடுக்கலாம் என்று கால்டர் விதியையே தளர்த்திவிட்டார். இன்று முழங்காலை விரித்து மண்டியிட்டுத் தடுக்கும் ஒவ்வொரு கோல்கீப்பரும் அந்த ஜனவரி முடிவின் வாரிசு.

ஜோ மலோன் 20 ஆட்டங்களில் 44 கோல் அடித்தது உண்மையா?

உண்மை. மூன்று ஆட்டங்களில் ஐந்தைந்து கோல் அடித்தார். ஆட்டத்துக்கு 2.2 கோல் என்ற அந்த விகிதத்தை இன்று வரை வேறெவரும் ஒரு முழுப் பருவத்தில் எட்டவில்லை. 44 என்ற எண்ணிக்கை 1944–45 பருவம் வரை நின்றது. அந்த ஆண்டு மொரிஸ் ரிச்சர்ட் தம் 45ஆவது கோலை அடித்தபோது, அந்த வட்டை அவர் கையில் கொடுத்தவர் மலோனேதான்.

ஆனால் அந்த எண்ணை அதன் காலத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும். 1917–18இல் உண்மையில் ஆடப்பட்ட 34 ஆட்டங்களில் 342 கோல் விழுந்தன, ஆட்டத்துக்குப் பத்து. ஒட்டாவாவின் சை டென்னெனி 36 கோலும், டொரன்டோவின் ரெக் நோபிள் 30 கோலும் அடித்தார்கள். போரால் அணிகள் மெலிந்திருந்தன, பருவத்தின் தொடக்கத்தில் கோல்கீப்பர்களின் கைகால்கள் விதியால் கட்டப்பட்டிருந்தன, முகத்துக்குக் கவசம் என்பதே அன்று கிடையாது. இந்தக் காரணங்களைச் சொல்லி மலோனைக் குறைத்துவிடவும் கூடாது. அதே சூழலில் ஆடிய மற்றவர்கள் எல்லோரையும்விட அவர்தானே முந்தி நின்றார்? 1920 ஜனவரி 31 அன்று, தம் பழைய கியூபெக் அணிக்குத் திரும்பியிருந்தபோது, ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தார். அந்தச் சாதனையும் இன்னும் முறியடிக்கப்படவில்லை.

கோல் மழைக்கு நடுவில் ஒருவர் மட்டும் குடை பிடித்தார். கனேடியன்ஸின் கோல்கீப்பர் ஜார்ஜ் வெசினா 1918 பிப்ரவரி 18 அன்று டொரன்டோவை 9–0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை. லீக்கின் முதல் ‘பூஜ்ய’ ஆட்டம் அது.

ஆட்டத்தில் அடிதடி அதிகம் இருந்ததா?

இருந்தது. ஜனவரி 28 அன்று டொரன்டோவில், கனேடியன்ஸின் ஜோ ஹாலும் டொரன்டோவின் ஆல்ஃப் ஸ்கின்னரும் மட்டையால் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். லீக் ஆளுக்கு 15 டாலர் அபராதம் விதித்ததோடு நிற்காமல், டொரன்டோ போலீஸ் இருவரையும் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தியது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள்.

எனக்குப் பிடித்த கதை டொரன்டோவின் கென் ராண்டலுடையது. நடுவர்களை ஏசியதற்காக அவர்மேல் சேர்ந்திருந்த அபராதம் 35 டாலர். கட்டும் வரை ஆடக்கூடாது. பிப்ரவரியில் ஒட்டாவாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு 32 டாலரை நோட்டாகவும், மீதி மூன்று டாலரை 300 ஒரு சென்ட் காசுகளாகவும் கொண்டுவந்தார். அன்றைய கனடா சென்ட் பிற்காலத்துச் சென்ட்டைவிடப் பெரிய வெண்கலக் காசு. முந்நூறு சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். காசை வாங்க மறுத்தார்கள். அவர் பையைப் பனித்தளத்தின்மேல் வீசினார். ஒட்டாவா ஆட்டக்காரர் ஒருவர் அதை மட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். பை பிரிந்து காசுகள் தளமெங்கும் சிதறி ஓடின. வழுக்கும் தளத்தில் காசு பொறுக்கி முடியும் வரை ஆட்டம் நின்றது.

சாம்பியன் எப்படித் தீர்மானிக்கப்பட்டது?

பருவத்தை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். முதல் பாதியில் கனேடியன்ஸ் 10 வெற்றி, 4 தோல்வியோடு முதலிடம். இரண்டாம் பாதியில் டொரன்டோ 5 வெற்றி, 3 தோல்வியோடு முதலிடம். இந்த இருவரும் இரண்டு ஆட்டங்களில் மோத, மொத்தக் கோல் கணக்கில் டொரன்டோ 10–7 என்று வென்றது. முழுப் பருவத்தையும் சேர்த்தால் இரு அணிகளும் 13 வெற்றி, 9 தோல்வி என்று சமமாக நிற்பதைக் கவனிக்கலாம். ஆனால் கனேடியன்ஸ் 115 கோல் அடித்து 84 மட்டுமே விட்டது. டொரன்டோ 108 அடித்து 109 விட்டது. அடித்ததைவிட அதிகம் விட்ட அணி சாம்பியனானது!

டொரன்டோ தேறியதற்கு ஒரு காரணம் கோல்கீப்பர் ஹாப் ஹோம்ஸின் வருகை. அதற்கு முந்தைய ஆண்டு சியாட்டில் அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்த அவர் வந்தபின், தொடக்க நாளில் பத்துக் கோல் விட்ட அணி நிமிர்ந்துகொண்டது.

அப்படியானால் ஸ்டான்லி கோப்பை என்.எச்.எல். கோப்பை இல்லையா?

அன்று இல்லை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு கொடுத்த அந்தக் கோப்பை 1893 முதல் வழங்கப்பட்டுவந்தது. 1918இல் கிழக்கின் சாம்பியனும், பேட்ரிக் சகோதரர்கள் நடத்திவந்த பசிபிக் கடற்கரை ஹாக்கி சங்கத்தின் சாம்பியனும் அதற்காக மோதினார்கள். மேற்கிலிருந்து வந்தது வான்கூவர் மில்லியனேர்ஸ். கண்டத்தின் ஒரு கரையிலிருந்து நாட்கணக்கில் ரயிலில் பயணம் செய்து வந்து, ஐந்து ஆட்டங்களையும் டொரன்டோவிலேயே ஆடினார்கள். மார்ச் மாதக் கடைசியிலும் செயற்கைப் பனித்தளம் இருந்ததால் அங்கே அது முடிந்தது.

சிக்கல் என்னவென்றால் இரு லீக்குகளுக்கும் விதிகள் வேறு. மேற்கில் அணிக்கு ஏழு பேர். ‘ரோவர்’ என்று ஒருவர் முன்னும் பின்னும் எங்கும் திரிவார். நடுப்பகுதியில் முன்னோக்கித் தள்ளிக்கொடுப்பதும் உண்டு. ஆகவே ஓர் ஆட்டம் கிழக்கு விதி, அடுத்தது மேற்கு விதி என்று மாறிமாறி ஆடினார்கள். முடிவுகள்: கிழக்கு விதியில் டொரன்டோ 5–3, மேற்கு விதியில் வான்கூவர் 6–4, கிழக்கில் டொரன்டோ 6–3, மேற்கில் வான்கூவர் 8–1, மார்ச் 30 அன்று கிழக்கு விதியில் நடந்த ஐந்தாம் ஆட்டத்தில் டொரன்டோ 2–1. கடைசி வெற்றிக் கோலை அடித்தவர் கார்பெட் டென்னெனி; மேலே சொன்ன சை டென்னெனியின் சகோதரர். வான்கூவரின் ‘சைக்ளோன்’ டெய்லர் ஐந்து ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்தும் பலனில்லை. மொத்தம் கூட்டினால் வான்கூவர் 21, டொரன்டோ 18. ஒவ்வொரு அணியும் தன் விதியில் மட்டுமே வென்றது என்பதால், ஐந்தாவது ஆட்டத்துக்கு எந்த விதி என்பதிலேயே கோப்பை பாதி முடிவாகிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

வென்ற டொரன்டோ அணியின் பெயர்தான் என்ன?

அந்தப் பருவத்தில் அதற்கு ஒழுங்கான பெயர் இல்லை. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அணி என்பதால் செய்தித்தாள்கள் ‘டொரன்டோஸ்’ என்றும், பழைய வழக்கப்படி ‘புளூஷர்ட்ஸ்’ என்றும் எழுதின. அரங்க நிறுவனம் முறையாகத் தன் பெயரில் அணியை நடத்தத் தொடங்கியது அடுத்த பருவத்தில். ‘அரீனாஸ்’ என்ற பெயர் அப்போது வந்தது. 1919இல் கைமாறி ‘செயின்ட் பேட்ரிக்ஸ்’ ஆகி, 1927இல் ‘மேப்பிள் லீஃப்ஸ்’ ஆனது. வென்றவர்கள் தங்கள் பெயரைக் கோப்பையில் பொறிக்கவே இல்லை. 1940களின் இறுதியில் கோப்பை திருத்தியமைக்கப்பட்டபோது லீக்கே அந்த இடத்தை நிரப்பியது. அதில் பொறிக்கப்பட்டது, அவர்கள் அந்த ஆண்டு பயன்படுத்தியிராத ‘டொரன்டோ அரீனாஸ்’ என்ற பெயர்.